கழுத்தளவு கோதுமை

தேசியத் தொழிலிடப் பாதுகாப்புச் சங்கம் என்று பலகையில் பெரிதாக எழுதியிருக்கும். ஆனால் அஸ்தானாவில் எங்கள் அலுவலகம் ஒரு பல் டாக்டருக்கு மேலே இருக்கும் நாலு அறைதான். கசகஸ்தான் முழுக்கச் சுரங்கக்காரர்கள், கட்டடக்காரர்கள், ரயில் பட்டறைகள், தானியக் கிடங்குகள் என்று உறுப்பினர்கள் உண்டு. சந்தா கட்டுவார்கள். சுவரில் ஒட்ட எச்சரிக்கைப் படம் வாங்கிக்கொள்வார்கள். வருஷத்துக்கு ஒருமுறை பொதுக்குழுவுக்கு வந்து குதிரைக்கறி சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். யாரையும் தண்டிக்கிற அதிகாரம் எங்களுக்குக் கிடையாது, அது அரசாங்க இன்ஸ்பெக்டர்களின் வேலை. எங்களால் முடிந்தது சொல்வதும் காட்டுவதும்தான்.

நான் அங்கே வண்டி ஓட்டுகிறேன். பெயர் எர்மெக். தானியப் பிரிவுக்குப் பொறுப்பு ரௌஷான். என்னைவிட நன்றாக மூத்தவர், அதனால் எனக்கு அக்கா முறை, ரௌஷான் அப்கே. ஒல்லியான உருவம், கீழே பார்த்தபடி பேசும் குரல், கூட்டத்தில் இருந்தால் இருப்பதே தெரியாது. சங்கத்துக்கு வருவதற்கு முன்னால் வடக்கே ஒரு கிடங்கில் எஞ்சினியராக இருந்தார். அங்கே ஓர் ஆள் கோதுமைக்குள் இடுப்புவரை புதைந்துவிட, கயிறு கட்டி விஞ்ச் எந்திரத்தால் இழுத்திருக்கிறார்கள். ஆள் வந்தது, உயிர் வரவில்லை. இதை அப்கே என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவை, வண்டியில் போகும்போது, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

அந்த வருஷம் ஜனவரியில் அவர் சங்கத் தலைவரிடம் ஒரு வண்டி கேட்டார். என் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற மாதிரி ஓர் இரும்புக் குதிர், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. உள்ளே கோதுமை. அடியில் ஒரு திறப்பு, திறந்தால் கோதுமை கீழ்ப்பெட்டிக்கு ஓடிவிடும். மேலே நிற்கிற ஆள் அதோடு சேர்ந்து கீழே போவான்.

"ஆளை முழுங்கற வண்டியா? இதுக்கு நம்ம காசா?" என்றார் தலைவர்.

"படம் ஒட்டி ஒட்டிப் பாத்தாச்சு. ஒரு தடவ உள்ள நின்னவன் அப்புறம் மறக்க மாட்டான்."

வண்டி வந்தது. கூடவே ஆறு அலுமினியத் தகடுகளும் வந்தன. ஒவ்வொன்றும் வாசல் நிலை உயரம், லேசாக வளைந்தவை, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். புதைந்தவனைச் சுற்றி ஒவ்வொன்றாகக் கோதுமைக்குள் இறக்கினால் ஒரு கிணறு மாதிரி ஆகிவிடும். வெளிக் கோதுமை அவனை நெருக்காது. அப்புறம் உள்ளே இருப்பதை அள்ளி வெளியே போட்டால் அவனே ஏறி வந்துவிடுவான். நாடு முழுவதுக்கும் சங்கத்தில் அப்போது இருந்தது அந்த ஒரு தொகுதி மட்டும்.

பனி உருகிச் சாலை காய்ந்ததும் கிளம்பினோம். வடக்கே நிலம் தட்டையாக இருக்கும். தொடுவானத்தில் தானியக் கிடங்கின் கான்கிரீட் குதிர்கள் காலையிலேயே கண்ணில் பட்டுவிடும், மதியச் சாப்பாட்டு நேரம்தான் பக்கத்தில் போய்ச் சேருவோம். பத்து மாடி உயரத்துக்கு ஒட்டி ஒட்டி நிற்கும் உருளைகள். எல்லாம் சோவியத் காலத்தில் ஒரே வரைபடத்தை வைத்துக் கட்டியவை. பிறந்ததிலிருந்து பார்க்கிற எனக்கே, அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

கெங்சாய் கிடங்குக்கு மே மாதம் போனோம். இயக்குநர் ஸோயா கார்லோவ்னா. அறுபது வயது, அகலமான உடம்பு, அந்த வட்டாரத்தில் மிஞ்சிய ஜெர்மானியக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். ஆட்களைத் திட்டிக்கொண்டேதான் கூப்பிடுவார்.

"பொம்ம வண்டி வந்திருக்கு. எல்லாரும் வாங்கடா" என்றார். "சரி, யாரு இறங்கறீங்க?"

ஒருவரும் நகரவில்லை. வெல்டர் தாராஸ் மட்டும், "எனக்கு முட்டி வலி" என்றான்.

"வேலை செய்யறப்ப வராத முட்டி வலி." ஸோயா கார்லோவ்னா ஜாக்கெட்டைக் கழற்றி அவன் கையில் எறிந்துவிட்டு ஏணியில் ஏறினார்.

அப்கே அவருக்கு இடுப்புப் பட்டையை மாட்டிவிட்டு, எனக்குக் கண்ணால் காட்டினார். நான் கீழ்த் திறப்பை இழுத்தேன். கோதுமை மழைச்சத்தம் போலக் கொட்டியது. அம்மாள் ஏதோ கிண்டல் சொல்ல வாயெடுத்தார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இடுப்பு மறைந்துவிட்டது. திறப்பை மூடினேன்.

"இப்ப இழுங்க" என்றார் அப்கே.

ஆறு ஆட்கள் கயிற்றைப் பிடித்தார்கள், எல்லாரும் மூட்டை தூக்கிப் பழகிய தோள்கள். முதலில் சிரித்துக்கொண்டே இழுத்தார்கள். அப்புறம் காலை ஊன்றி இழுத்தார்கள். ஒரு விரல் அளவுகூட அவர் மேலே வரவில்லை.

"நிறுத்துங்க" என்றார் ஸோயா கார்லோவ்னா. குரல் மாறியிருந்தது. "இன்னும் இழுத்தா நான் ரெண்டாப் போயிடுவேன்."

தகடுகளை இறக்கி, உள்ளே அள்ளி, அவரை வெளியே எடுத்தோம். தரையில் நின்று பாவாடையிலிருந்து கோதுமையை உதறினார். நாங்கள் தேநீர் குடித்தோம். முப்பது வருஷமாகக் கோதுமையோடு வாழ்கிறவர், இப்போதுதான் முதல் தடவை பார்ப்பதுபோலக் குவியலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு தாராஸைக் கூப்பிட்டார்.

"இந்தத் தகட்ட அளந்துக்க. நமக்கு ஒண்ணு செய்யணும்."

"அலுமினியம் எங்க போவேன்?"

"இரும்புல செய். அறுப்புக்கு முன்னாடி முடிக்கணும். முட்டி வலின்னு சொன்னா, அந்த முட்டியவே ஒடைப்பேன்."

அப்கே தன்னிடமிருந்த வரைபடத்தைத் தாராஸிடம் கொடுத்துவிட்டார். வண்டி கிளம்பியதும், "ஒண்ணு ரெண்டாச்சு" என்றார்.

அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ரயில் பாதை ஓரத்தில் அக்ஓபா. அங்கே இயக்குநர் ஓரல்பாய். அவருக்கும் ஸோயா கார்லோவ்னாவுக்கும் ஏழாம் பொருத்தம். ஒரே வயல்களின் கோதுமைக்கு இருவரும் போட்டி. லாரியை யார் சீக்கிரம் எடை போட்டு இறக்கி அனுப்புகிறார்களோ அவர்களிடம் விவசாயி போவான், அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதில் எத்தனையோ வருஷச் சண்டை. பொதுக்குழுவில்கூட ஒருவர் உட்கார்ந்த பக்கம் மற்றவர் உட்கார மாட்டார்.

ஜூலை வெயிலில் அங்கே போனோம். ஓரல்பாய் நல்ல மனிதர், வாய்நிறையச் சிரிப்பு. புளித்த குதிரைப்பால் வந்தது, கொழுப்பில் பொரித்த பவுர்சாக் உருண்டைகள் வந்தன, எல்லாம் வந்தது.

"ஸோயா உள்ள இறங்குனாளாமே? படம் எடுத்தியா தம்பி?" என்று என்னிடம் கேட்டார்.

"எடுக்கல அகா" என்றேன். வயதில் பெரிய ஆணை அண்ணன் முறையில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"ஒரு மாட்டையே குடுத்திருப்பேன் அந்தப் படத்துக்கு." அவர் இறங்கவில்லை. மேஸ்திரி பெய்பித்தை அனுப்பினார்.

பெய்பித்துக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வாய் ஓயாத ஆள். "கழுத்து வரைக்கும் விடுங்க அப்கே" என்றான். "மாமியார் போன் பண்ணா, கையி உள்ள மாட்டிக்கிச்சுன்னு சொல்லிக்கலாம்."

நெஞ்சு வரை விட்டோம். சிரித்துக்கொண்டிருந்தவன் மூச்சை வெளியே விட்டான். மறுபடி இழுக்கப் பார்த்தபோது பாதிதான் உள்ளே போனது. அவன் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"ஒவ்வொரு மூச்சு விடறப்பவும் அந்த இடத்துக்குக் கோதும வந்துடும்" என்றார் அப்கே. "அதனால கையி ரெண்டையும் இப்படி நெஞ்சுக்கு முன்னாடி மடிச்சு வச்சுக்கணும். குட்டிக் குட்டியா மூச்சு விடு. உதறாத. கத்தாத."

"சரி" என்றான் பெய்பித். ஒற்றைச் சொல்.

மாலையில் அப்கே ஓரல்பாயிடம் தகடு பற்றிப் பேசினார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் அவர். கயிறு கட்டாமல் ஒருத்தரும் குதிருக்குள் இறங்கக் கூடாது என்றார் அப்கே.

"ரௌஷான், அறுப்பு சமயத்துல வந்து பாரு. லாரி தொடுவானம் வரைக்கும் நிக்கும். அடைப்பு விழுந்தா எவன் கயித்தத் தேடுவான்? கழிய எடுத்துக்கிட்டு இறங்குவான், குத்துவான், ஏறிடுவான். எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

"தெரியும் அகா" என்றார் அப்கே. வாசலில் பெய்பித்தின் கையில் ஒரு இடுப்புப் பட்டையைக் கொடுத்து, "இது உனக்கு" என்று மட்டும் சொன்னார்.

செப்டம்பர் வந்தது. அந்த வருஷம் விளைச்சல் அப்படி. வண்டியை எந்தப் பக்கம் திருப்பினாலும் மஞ்சள்தான். அறுவடை எந்திரங்கள் வரிசையாகத் தூசியைக் கிளப்பிக்கொண்டு போகும், நாள் பூராவும் போகும், அப்படியும் மஞ்சள் குறையாது. பாதி அறுப்பில் தூறல் போட்டது. பெருமழை பின்னால் வருகிறது என்று வானொலியில் சொன்னார்கள். எல்லாரும் ஈரத்தோடு அறுத்து ஈரத்தோடு கொண்டுவந்து கொட்டினார்கள். ஈரக் கோதுமை குதிருக்குள் கட்டிப்போகும். கட்டி அடிவாயை அடைத்துக்கொள்ளும்.

நாங்கள் அன்றைக்கு வேறு மாவட்டத்தில், ஒரு மாவு மில்லில் இருந்தோம். மதியம் அப்கேயின் போன் அடித்தது. ஓரல்பாய். அவர் குரல் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

"ரௌஷான். பெய்பித் உள்ள போயிட்டான்."

"எது வரைக்கும்?"

"மொதல்ல நெஞ்சு. இப்ப கழுத்துக்கு வந்திருச்சு."

"பேசறானா?"

"பேசறான். மெதுவா."

"பட்ட போட்டிருக்கானா?"

"போட்டிருக்கான். ஆனா கயித்த மேல கட்டல."

"அடிவாய மூடியாச்சா?"

"மூடியாச்சு."

"தானியம் போற பெல்ட்டையெல்லாம் நிறுத்துங்க. கரண்ட்டையே எடுத்துருங்க. கரண்ட் ரூம் சாவிய உங்க சட்டப் பையில போட்டுக்குங்க, யாரு கேட்டாலும் குடுக்காதீங்க. யாரையாவது பலக மேல படுக்க வச்சு, அவன் பட்டையில கயித்த மாட்டச் சொல்லுங்க. அவன் இன்னும் கீழ போகாம இருக்கத்தான் அது."

"கிரேன் நிக்குது. மாட்டித் தூக்கிடவா?"

"தூக்காதீங்க." அப்கே கத்தவில்லை. ஆனால் மில்லில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "அகா, கேளுங்க. தூக்குனா செத்துருவான். புடிச்சுக்கிட்டு மட்டும் இருங்க. நான் ஸோயா கார்லோவ்னாவக் கூப்பிடறேன்."

"அவ வருவாளா?"

அப்கே அடுத்த எண்ணை அழுத்தினார். நான் அதற்குள் வண்டியை எடுத்துவிட்டேன். பின்னால் கட்டியிருந்த குதிர் வண்டியைக் கழற்றி மில் வாசலிலேயே விட்டுவிட்டு, தகடுகளை மட்டும் கூரைமேல் கட்டியிருந்தேன்.

ஸோயா கார்லோவ்னாவின் குரல் வண்டி முழுக்கக் கேட்டது. "என் வாசல்ல எத்தன லாரி நிக்குதுன்னு தெரியுமா உனக்கு? நாளைக்கு மழை."

"தெரியும்."

மூச்சு விடும் சத்தம். பிறகு போனை முகத்திலிருந்து விலக்கி யாரிடமோ பேசுவது கேட்டது. "தாராஸ், தகடெல்லாம் லாரில ஏத்து. எடை மேடைய மூடு. ஆமாடா, மூடு. எல்லாரும் ஏறுங்க, நானும் வர்றேன்."

எங்களுக்கு அக்ஓபா இரண்டு மணி நேரப் பாதை. பாதி வழிக்கு மேல் அப்கே போனில்தான் இருந்தார். பலகையை எப்படிப் போடுவது, ஆட்கள் எங்கே கால் வைக்கக் கூடாது, முதல் தகடு எந்தப் பக்கம் என்று. நடுவில் பெய்பித்தின் காதருகே போனை வைக்கச் சொன்னார். "கையி எங்க இருக்கு?" என்று கேட்டார். பதில் எனக்குக் கேட்கவில்லை. "நல்லா வச்சிருக்க. அப்படியே இரு" என்றார்.

அக்ஓபாவுக்குப் பதினைந்து கிலோமீட்டர் முன்னால் பிரதான சாலையிலிருந்து பிரியும் ஒற்றைச் சாலை. அறுப்புக் காலத்தில் அதில் நுழைந்தால் அன்றைய பொழுது போய்விடும். கோதுமை லாரிகள் ஒன்றின் வாலில் ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். எப்படித் தாண்டப்போகிறோம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். திரும்பினேன்.

சாலை காலியாக இருந்தது.

காலி என்றால் துடைத்துவிட்டாற்போலக் காலி. லாரிகள் எல்லாம் இரண்டு பக்கமும் அறுத்த வயலுக்குள் இறங்கி நின்றன. நிறைபாரத்தோடு ஈர நிலத்தில் இறங்கினால் சக்கரம் புதையும், டிராக்டர் வைத்து இழுக்கவேண்டியிருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே இறக்கியிருந்தார்கள். சில வண்டிகள் அச்சுவரை சாய்ந்து நின்றன. கண்ணுக்கு எட்டிய தூரம் அப்படி. ஸோயா கார்லோவ்னாவின் லாரி வந்தபோது ஒருவருக்கொருவர் வயர்லெஸ்ஸில் சொல்லி விலகியவர்கள், இன்னொரு வண்டி வருகிறது என்று கேள்விப்பட்டு அப்படியே நின்றிருக்கிறார்கள். ஓர் எஞ்சின்கூட ஓடவில்லை. டிரைவர்கள் வண்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று நாங்கள் போவதைப் பார்த்தார்கள். யாரும் கையசைக்கவில்லை.

நான் வாழ்க்கை முழுக்கச் சாலையில் இருக்கிறவன். மந்திரிக்கு வழி விடுவதைப் பார்த்திருக்கிறேன், கல்யாணத்துக்கு வழி விடுவதைப் பார்த்திருக்கிறேன். இப்படிப் பார்த்ததில்லை. அப்கே போனை மடியில் வைத்துவிட்டு அந்தப் பதினைந்து கிலோமீட்டரும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

கிடங்கில் சத்தமே இல்லை. அறுப்புக் காலத்துத் தானியக் கிடங்கு இரவு பகல் இரைந்துகொண்டே இருக்கும், ஊரே அந்த இரைச்சலில்தான் தூங்கும். அது நின்றுபோனதும் காதில் ரத்தம் ஓடுவது கேட்டது. மாவட்டத் தலைநகரிலிருந்து தீயணைப்புக்காரர்களும் ஆம்புலன்ஸ் டாக்டரும் வந்திருந்தார்கள். தீயணைப்புத் தலைவர் அப்கேயைப் பார்த்ததும், "நீங்க சொல்லுங்க, நாங்க செய்யறோம்" என்றார். படிகளில் ஏறினோம். மொட்டைமாடியில் ஓரல்பாய் ஓரமாக நின்றிருந்தார். ஒரு கை சட்டைப் பையைப் பொத்திக்கொண்டிருந்தது. சாவி.

குதிரின் வாயருகே ஸோயா கார்லோவ்னா தரையில் உட்கார்ந்து, தலையை உள்ளே நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"உன் மாமியார் கீழ வந்து நிக்கிறா. என்ன சொல்லட்டும்?"

கீழேயிருந்து ஏதோ ஈனஸ்வரம்.

"போன் எடுக்க முடியலன்னா? அதச் சொன்னா நம்பவா போறா? நீ வந்து சொல்லிக்க. பேசாத, சும்மா கேளு. நான் பேசறேன்." வந்ததிலிருந்து இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தாராம்.

நான் எட்டிப் பார்த்தேன். ஆழத்தில் விளக்கு வெளிச்சத்தில் கோதுமை, பொன்னிறமாக, ஒரு பக்கம் பள்ளமாகச் சரிந்து. பள்ளத்தின் நடுவில் ஒரு தலை மட்டும். தலையைச் சுற்றிப் பலகைகளில் தாராஸும் இன்னும் இரண்டு பேரும் பல்லியைப் போல ஒட்டிக்கிடந்தார்கள். தாராஸின் இரும்புத் தகடுகளில் ஐந்து இறங்கியிருந்தன. ஆறாவது பாதியில் நின்றது. அடியில் ஏதோ கட்டி.

எங்கள் தகடு ஒன்றைக் கயிற்றில் இறக்கிப் பார்த்தார்கள், இரும்பின் தடிமனால் தாராஸின் தகட்டோடு கோத்துக்கொள்ளவில்லை. அப்கே பட்டையை மாட்டிக்கொண்டார். கயிற்றை நானும் தீயணைப்புக்காரர் ஒருவரும் பிடித்தோம். அப்கேயின் ஒல்லி உடம்பு கோதுமை மேல் பலகையில் படுத்தபோது ஒரு மணிகூட உருளவில்லை. கையைத் தோள்வரை விட்டு அந்த ஆறாவது தகட்டின் ஓரத்தைத் தோண்ட ஆரம்பித்தார். தோண்டிய இடத்தில் மறுபடி கோதுமை வந்து விழும். மறுபடி தோண்டுவார். மேலே இருந்து பார்க்க அது முடிகிற காரியமாகவே தெரியவில்லை. குதிருக்குள் ஆயிரக்கணக்கான டன் இருந்தது. ஒரு பெண்ணின் கை.

"இப்ப அடி" என்ற குரல் கேட்டது. தாராஸ் மரச்சுத்தியால் தட்டினான். தகடு ஒரு சாண் இறங்கியது. மறுபடி தோண்டல், மறுபடி தட்டல். கடைசியில் விளிம்பு விளிம்போடு கோத்துக்கொண்ட சத்தம் மேலே வரைக்கும் கேட்டது.

அப்புறம் அள்ளுவது. அப்கேயின் கயிற்றை இன்னொரு தீயணைப்புக்காரரிடம் கொடுத்துவிட்டு நானும் வாளி வாங்கப் போனேன். அடியை வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலால் தகட்டுக்கு உள்ளேயிருந்து அள்ளி வாளியில் போட்டார்கள். வாளி கயிற்றில் மேலே வரும். மேலே நாங்கள் வாங்கிக் கை மாற்றுவோம். ஸோயா கார்லோவ்னாவின் ஆட்கள், ஓரல்பாயின் ஆட்கள், கீழேயிருந்து ஏறி வந்த லாரி டிரைவர்கள், எல்லாரும் மாடி நீளத்துக்கு வரிசையாக நின்றோம். வாளி கை மாறிக் கை மாறி அடுத்த குதிரின் வாய்க்குப் போகும், காலியாகத் திரும்பி வரும். ஓரல்பாய் எனக்கு அடுத்து நின்றிருந்தார். ஒவ்வொரு வாளியையும் நிரம்பிய பால்குடம் போல வாங்கினார்.

தோள் தெரிந்தது. நெஞ்சுக்கு முன்னால் மடித்த கைகள் தெரிந்தன, ஜூலையில் அப்கே காட்டிக்கொடுத்தபடியே. அந்தக் கைகளை அவன் தானாக எடுக்க முடியவில்லை. அப்கே ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார்.

அப்போது பெய்பித் மூச்சை இழுத்தான். முழு மூச்சு. எந்திரம் எதுவும் ஓடாத அந்தக் கான்கிரீட் உருளைக்குள் அது சுவரெல்லாம் மோதி மேலே வந்தது. ஒரு மனிதனின் நெஞ்சில் அவ்வளவு காற்றுக்கு இடம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வாளி வரிசை தானாக நின்றுவிட்டது. தீயணைப்புக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். அவன் இன்னொரு மூச்சு இழுத்தான், அதையும் கேட்டுக்கொண்டு நின்றோம். பிறகு ஸோயா கார்லோவ்னா, "என்னடா வேடிக்க? வாளி எங்க?" என்றார்.

வெளிச்சம் இருக்கும்போதே அவனை மேலே கொண்டுவந்துவிட்டோம். டாக்டர் படுக்கச் சொன்னார். அவன் கேட்காமல் எழுந்து உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தான். சாய்ந்த வெயிலில் நிலம் தொடுவானம்வரை கிடந்தது. வயலுக்குள் இறங்கிய லாரிகள் சாலையின் இரண்டு பக்கமும் மணிமணியாகத் தெரிந்தன.

"எல்லாம் ஏன் நிக்குது?" என்றான்.

"உனக்காகத்தான்" என்றார் ஓரல்பாய்.

பெய்பித் அதைப் புரிந்துகொள்ள முயன்றான். முடியவில்லை போலிருக்கிறது. முகத்தை மூடிக்கொண்டான்.

ஓரல்பாய் ஸோயா கார்லோவ்னாவின் பக்கம் திரும்பினார். நன்றி சொல்ல வாயைத் திறந்து திறந்து மூடினார்.

"ஒண்ணும் சொல்லாத" என்றார் அம்மாள். "உன் குதிர் வாயும் என் குதிர் வாயும் ஒரே அளவு, எங்க தகடு உள்ள போச்சு. உன் அதிர்ஷ்டம். தண்ணி இருந்தாக் குடு, தொண்ட போச்சு."

மறுநாள் மழை கொட்டியது. கெங்சாயின் வாசலில் நின்ற லாரிகளில் பல நனைந்தன. ஓரல்பாய் தன் உலர்த்தும் எந்திரத்தை அவற்றுக்குத் திறந்துவிட்டார் என்று தாராஸ் பின்னால் சொன்னான். பெய்பித்துக்கு விலா எலும்பு இரண்டில் விரிசல். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் எடை மேடை அறைக்கு மாறிக்கொண்டான். குதிருக்குள் இனி இறங்குவதில்லை என்றான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

டிசம்பரில் பொதுக்குழு. அஸ்தானாவில் ஒரு ஹோட்டல் மண்டபம், வெளியே ஊசி குத்துகிற குளிர். எங்கள் பொதுக்குழு எப்படி என்றால், ஒவ்வொரு துறைக்கும் ஓர் அறிக்கை, கைதட்டல், சாப்பாடு. தன் இடத்தில் நடந்த விபத்தைப் பற்றி எந்த உறுப்பினரும் வாய் திறக்க மாட்டார். வழக்கு, வேலைக்கு ஆள் கிடைக்காதது, மானம் என்று ஆயிரம் காரணம். எண்கள் வரும், ஆட்கள் வர மாட்டார்கள்.

அப்கேயின் முறை வந்தது. அவர் எழுவதற்கு முன்னால் ஓரல்பாய் எழுந்தார். மேடைக்குப் போகவில்லை, இருந்த இடத்திலேயே நின்றார்.

"அக்ஓபாவுல செப்டம்பர் மாசம் எங்க மேஸ்திரி கயிறு கட்டாம குதிருக்குள்ள இறங்குனான். நான்தான் சீக்கிரம்னு கத்துனேன். கயித்தப் பத்தி ரௌஷான் ஜூலையிலயே சொல்லிருச்சு, நான் சிரிச்சேன். அவன் பொழச்சுட்டான். கெங்சாய்க்காரங்க பொழைக்க வச்சாங்க. அவ்வளவுதான், சொல்லணும்னு தோணுச்சு."

உட்கார்ந்துவிட்டார். சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். பாவ்லதாரில் கிரேன் வைத்திருப்பவர், எனக்கு முகம் மட்டும்தான் பழக்கம். "எங்க கிட்ட ஒரு பையன்" என்றார். "பேரு இலியாஸ். மேலேர்ந்து விழுந்துட்டான். நாலு வருஷம் ஆச்சு. நான் இதுவரைக்கும் எங்கயும் சொன்னதில்ல." எப்படி விழுந்தான், எந்தக் கொக்கி தேய்ந்திருந்தது என்று சொன்னார். உட்கார்ந்தார்.

அப்புறம் சுரங்கத்திலிருந்து ஒருவர். அப்புறம் ரயில் பட்டறை அம்மாள் ஒருவர், கையில் கைக்குட்டை. ஒருவர் சொல்லி முடித்ததும் இன்னொரு நாற்காலி நகரும். பெயர், என்ன நடந்தது, என்ன மாற்றினோம். சிலர் மாற்றவில்லை என்றும் சொன்னார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. குறுக்கே பேசவில்லை. நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். வயலுக்குள் இறங்கி நின்ற லாரிகள்தான் மறுபடி கண்ணுக்கு முன்னால் வந்தன.

சமையல்காரப் பெண் கதவைத் திறந்து, "சாப்பாடு ஆறுது" என்று என்னிடம் கிசுகிசுத்தாள். பிறகு உள்ளே பேசுவது அவள் காதில் விழுந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

அப்கே அன்று தன் அறிக்கையைப் படிக்கவே இல்லை. எல்லாரும் முடித்ததும் எழுந்து, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு தொகுதி தகடு, எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கிற ஒரே அளவில், என்று கேட்டார். கைகள் உயர்ந்தன. எண்ணுகிறவர் எண்ணுவதை விட்டுவிட்டார்.

பிப்ரவரி கடைசியில் தெற்கே கிஸில்ஓர்தாவிலிருந்து ஒரு போன். புதிதாகச் சேர்ந்த அரிசி ஆலைக்காரர்.

"எங்க கிட்ட கோதும இல்ல, நெல்லு. நெல்லும் இப்படித்தான் ஆள இழுக்குமா?"

"தெரியல" என்றார் அப்கே. "பாத்ததில்ல. உங்க நெல்லு ஒரு வண்டி தருவீங்கன்னா வந்து பாத்துச் சொல்றோம்."

நெல் நிரப்பிப் பார்க்க, இழுவைக் குதிரிலிருந்த கோதுமையைக் கொட்டிக் காலி செய்தோம். நான் அதை வண்டிக்குப் பின்னால் மாட்டினேன். அப்கே முன் இருக்கையில் ஏறி, காலணியைக் கழற்றிக் காலை ஹீட்டருக்கு நீட்டிக்கொண்டார். தெற்கே போகும் சாலையில் பனி இன்னும் உருகவில்லை.